செவப்புக் கதவுக்குப் பின்னாடி

“கதவு செவப்புதான்க்கா. நல்லாப் பாரு.”

“கதவு கெடக்கட்டும்டி. வூடு எங்க?”

“வூடு இல்லக்கா, இது கப்பலு.”

“கப்பல்னா தண்ணி எங்க?”

“தண்ணில போற கப்பல் இல்ல. வானத்துல போறது.”

“அப்போ எதுக்குடி அதுக்குள்ள கதவு? தொறந்தா கீழ வுழுந்துட மாட்டானுங்க?”

சுல்தானா கையில இருந்த சினிமா ஸ்டில்ல மறுபடியும் கண்ணுகிட்ட கொண்டுபோனா. நாலு நாளா அதே ஸ்டில்ல தலைகீழா வெச்சுகூட பாத்துட்டா, இந்தக் கேள்வி அவளுக்குத் தோணவேயில்ல. அதுக்குத்தான் அவ எதையும் கன்னியம்மாகிட்ட காட்டுறது. கன்னியம்மா மல்லாட்டை விக்கிறவ, வேர்க்கடலதான். காலையில பஸ் ஸ்டாண்டு, சாயங்காலம் செண்பகம் டாக்கீஸ் வாசல், நடுவுல வெயில் ஏறுற நேரத்துக்கு நூர் பிரஸ் வாசப்படி. கூடைய எறக்கி வெச்சிட்டு ஒரு சொம்பு தண்ணி குடிச்சா கெளம்ப அரை மணி நேரம் ஆவும்.

“எனக்கு இந்த மானத்து சமாச்சாரமே ஆவாது”ன்னு ஸ்டில்ல திருப்பிக் குடுத்தா. “ஒரு தடவை உன் பேச்ச கேட்டு என் ஆட்ட அறுத்தேன்.”

அது நெசம். எழுவத்தொம்போதுல, மானத்துல சுத்துன அமெரிக்காக்காரன் ஸ்கைலாப் தலைமேல வுழப் போவுதுன்னு ஊர் ஊரா பயந்தாங்களே, ஞாபகம் இருக்குமே. திருவண்ணாமலையில மட்டும் சும்மா இருந்தாங்களா? மல மேல வுழும்னு ஒருத்தன், கொளத்துல வுழும்னு ஒருத்தன். சாவறதுக்கு முன்னாடி நல்லதா நாலு வாய் தின்னுடலாம்னு கோழி, ஆடு எதுவும் பாக்கி இல்ல. கன்னியம்மா தெருவே சேந்து அவ வளத்த வெள்ளாட்ட அறுத்து, கொழம்பு வெச்சு, சாப்டுட்டு மானத்தப் பாத்துக்கிட்டு படுத்தாங்க. காலையில எல்லாரும் எழுந்தாங்க. ஆடு மட்டும் இல்ல.

“நான் ஒண்ணும் அறுக்கச் சொல்லலயே.”

“நீதான பேப்பர எடுத்துனு வந்து படிச்சுக் காட்டுன, எத்தினி டன்னு, எத்தினி மைலுன்னு.”

அதுவும் நெசம்தான். அப்போ அவளுக்குப் பதினேழு வயசு. இப்போ இருவது, எம்பத்திரெண்டாம் வருஷம், புத்தி மட்டும் இன்னும் மேலதான் இருக்கு.

சுல்தானாவோட அத்தா நூருல்லா பாய் பிரஸ்லதான் ஊர்ல பாதி நோட்டீஸ் அடிக்கிறது. கல்யாணப் பத்திரிகை, உற்சவ நோட்டீஸ், செண்பகம் டாக்கீஸ் சினிமா நோட்டீஸ். அத்தா மிஷின மிதிப்பாரு, சுல்தானா அச்சு கோப்பா. சினிமா நோட்டீஸ்ல ஒரு வழக்கம் இருக்கு. இங்கிலீஷ் படம்னா அதுக்குத் தமிழ்ல ஒரு பேரு வெக்கணும், கீழ கதைச் சுருக்கம் போடணும், கடைசி வரியில ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ன்னு முடிக்கணும். படத்த யாரும் பாத்திருக்க மாட்டாங்க. மெட்ராஸ்லேர்ந்து வர்ற எட்டு ஸ்டில்லுதான் கையில. அத வெச்சு எழுதணும். கராத்தே படம்னா சுலபம், ஒருத்தன் உதைக்கிறான், இன்னொருத்தன் வுழறான். அந்தக் கதையெல்லாம் சுல்தானாவுக்கு இடது கையில வரும்.

ஆனா இது ராக்கெட் படம். ஆறு வருஷம் கழிச்சு ஊருக்கு வர்ற மொத ராக்கெட் படம்.

எழுவத்தொண்ணு, எழுவத்திரெண்டுலயெல்லாம் ஞாயித்துக்கெழம காலைக் காட்சின்னா செவ்வாய் கெரகந்தான், ராட்சசப் பல்லிதான். அத்தா அவள ஒம்போது வயசுல கூட்டிட்டுப் போனாரு. ராக்கெட்டுக்கு மேல நூல் தெரிஞ்சுது. பக்கத்துல இருந்தவன், “நூல்ல கட்டித் தொங்கவுட்டுருக்கான்டா”ன்னு சிரிச்சான். அத்தா குனிஞ்சு அவ காதுல, “தெரிஞ்சா என்னா, பறக்குது பாரு”ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு சுல்தானா இன்னி வரைக்கும் அவருக்கு நன்றி சொன்னதில்ல. சொல்லிருக்கணும்.

அப்புறம் கராத்தே வந்துச்சு, ராக்கெட்டு போயிடுச்சு. போச்சுன்னே நெனச்சிருந்தா. ஆனா பிரஸ்ஸுக்கு எடைக்கு வாங்குற பழைய பேப்பர் கட்டுல ரெண்டு வருஷமா இங்கிலீஷ் பத்திரிகையில படம் படமா வருது. நூல் தெரியாத கப்பலு. பாதி ஊரு சைசுல. உள்ள கட்டில், மேஜை, தண்ணிக் கொழாய் எல்லாம் வெச்சு மனுசங்க குடித்தனம் பண்றாங்க. வெளியூருல ஜனங்க வரிசையில நின்னு பாக்குறாங்களாம். மெட்ராஸ்ல பாக்குறாங்களாம். திருவண்ணாமலையில மட்டும் உதையே ஓடிட்டு இருக்கு.

அவ போயி கேட்டா. யாருகிட்டன்னா, டாக்கீஸ் மானேஜர் தரணேந்திரன்கிட்ட. ஊர்ல எல்லாருக்கும் நைனாரு. சமண வூட்டுக்காரரு, பொழுது சாயறதுக்குள்ள சாப்டாகணும். தெனம் அஞ்சரைக்கு ஆபீஸ் ரூம்ல டிபன் கேரியரத் தொறப்பாரு. தொறந்துட்டா முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது, வெளியில வெளிச்சம் போயிட்டே இருக்கும். அதனால அவருகிட்ட ஏதாவது காரியம் ஆவணும்னா அஞ்சு முப்பத்தஞ்சுக்குப் போவணும்னு சுல்தானாவுக்குத் தெரியும்.

“யாரும்மா பாப்பாங்க அதையெல்லாம்?”ன்னு சாதத்தப் பிசஞ்சுக்கிட்டே கேட்டாரு.

“நான் பாப்பேன், சார்.”

“உனக்கு ஒருத்திக்கு காட்டுறதுக்கு உங்க வூட்டு சொவுத்துலயே காட்டலாமே.”

“ஒரே ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க. கொட்டாய் நெறையலன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

நைனாரு சன்னலப் பாத்தாரு, பொழுது மலைக்குப் பின்னாடி போயிட்டு இருக்கு. சீக்கிரம் முடிக்கணும்னு நெனச்சாரோ என்னமோ, சரின்னுட்டாரு. “மெட்ராஸ் கம்பெனிக்காரன் நாலு ராக்கெட் படம் இருக்குன்னு லெட்டர் போட்டிருக்கான். மொத படம் போடுறேன். பாதிக் கொட்டாய் நெறஞ்சா, மிச்சம் மூணையும் வரவழைக்கிறேன். நெறையலன்னா ஞாயித்துக்கெழம காலையில சாமி படம். அதுக்கப்புறம் நீ என் சாப்பாட்டு நேரத்துல வரக்கூடாது.”

ஆக விஷயம் இவ்ளோதான். பாதிக் கொட்டாய். நெறஞ்சா மூணு படம், நெறையலன்னா ஒண்ணும் இல்ல. அவ கையில இருக்கிறது எட்டு ஸ்டில்லு.

கப்பலு ஒண்ணு. ஹெல்மெட்ட இடுப்புல இடுக்கிட்டு நிக்கிற ஒரு பொம்பள. ஐஸ் தரையில காலடி. சாப்பாட்டு மேஜையில பதினோரு பேரு. சாவி ஒண்ண கழுத்துல மாட்டுன ஒரு கெழவன். அதே கெழவன் அழுவுறான். இருட்டுல ஒரு கை. அப்புறம் அந்தக் கதவு. செவப்புக் கதவு, மூடியிருக்கு.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி எழுதி முடிச்சா. தமிழ்ப் பேரு ‘விண்வெளியில் பதினோரு பேர்’. கதை ஆறு வரி. கடைசியில, ‘சிவப்புக் கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன? நாற்பது வருட ரகசியம். மீதியை வெள்ளித்திரையில் காண்க’.

அத்தா புரூஃப வெளிச்சத்துல புடிச்சுப் படிச்சாரு. “நாப்பது வருஷம்னு எங்க போட்டிருக்கு?”

“கெழவன் மொவத்துல.”

“கதவுக்குப் பின்னாடி என்னான்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் கேள்வியா போட்டிருக்கேன்.”

“பாத்தும்மா. கேள்வி கேட்டா ஜனங்க பதில் கேப்பாங்க”ன்னு சொல்லிட்டு மிஷின மிதிக்கப் போயிட்டாரு.

நோட்டீஸு ரோஸ் கலர். குதிர வண்டியில மைக் கட்டி தேரடி வீதி, செங்கம் ரோடுன்னு சுத்தி வீசுனாங்க. கீழ்பென்னாத்தூர் பஸ்ல ஒரு கட்டு, அடி அண்ணாமலை டீக்கடையில ஒரு கட்டு. வெள்ளிக்கெழம பாத்தா ஊர்ல ஒரே பேச்சு. முடிவெட்டுற எடத்துல, “தங்கம்தான் வெச்சிருப்பான்.” ரேஷன் கியூவுல, “பொணம்.” சின்னக்கடைத் தெருவுல ஒருத்தரு, “கவர்மெண்டு ரகசியம், சொல்ல மாட்டாங்க.” சுல்தானா பால் வாங்கப் போனா பால்காரரே, “உனக்குத் தெரியுமாமே, சொல்லிட்டுப் போ”ங்கறாரு. ஆறு வருஷமா அவ ஒருத்தியா நெனச்சிட்டு இருந்தத இப்போ ஊரே சேந்து நெனைக்குது. அந்த ரெண்டு நாளுக்கே நன்றி சொல்லலாம்.

ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு கொட்டாய் நெறஞ்சுது. பாதி இல்ல, முழுசா. ஆம்பளைங்க பெஞ்சு ரொம்பி மணல்ல குந்திட்டாங்க. நடுவுல குட்டச் சொவுரு, இந்தப் பக்கம் பொம்பளைங்க. சுல்தானா முக்காட்ட இழுத்து வுட்டுக்கிட்டு மூணாவது பெஞ்சுல, பக்கத்துல கன்னியம்மா, மடியில கூடை. “ரெண்டு படி வித்துட்டேன்டி, படம் நல்லாத்தான் இருக்கு.” படம் இன்னும் ஆரம்பிக்கவேயில்ல.

ஆரம்பிக்காததுக்குக் காரணம், படப் பொட்டி வரல. முந்தின ஊர்ல ராத்திரி ஆட்டம் முடிஞ்சு மொத பஸ்ல ஏத்தி வுடணும், மொத பஸ்ஸு பஞ்சராம். பத்தே முக்காலுக்கு ஆப்பரேட்டர் காசி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து சைக்கிள் கேரியர்ல பொட்டியக் கட்டிட்டு வந்து சேந்தாரு. எப்பவும் அவரு ஒவ்வொரு ரீலையும் ஒரு தடவ சுத்திப் பாத்துட்டுத்தான் மாட்டுவாரு. அன்னிக்கு ஜனம் விசிலடிக்குது. டப்பா மேல நம்பர் இருக்கு, நம்பரப் பாத்து ஓட்டிட்டாரு.

படம் வந்துச்சு. சுல்தானா பெஞ்சு நுனிக்கு வந்துட்டா. கப்பலு தெரையோட இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் போவுது, போவுது, போயிட்டே இருக்குது. நூல் இல்ல. பேசுறது இங்கிலீஷ், ஒருத்தருக்கும் புரியல, ஆனா கத புரியுது. பூமிய வுட்டு எங்கயோ தூரமா வந்துட்டாங்க. எண்ணெ கம்மியாவுது. பாரத்தக் கொறைக்கணும், கட்டில், மேஜை எல்லாத்தையும் வெளிய தள்ளுறாங்க. கெழவன் மட்டும் செவப்புக் கதவு முன்னாடி குந்திக்கிட்டு நவுர மாட்டேங்கறான். அந்தப் பொம்பளதான் கப்பலுக்குத் தலைவி. ஆறாவது ரீலு முடிவுல அவ கெழவன் கழுத்துலேர்ந்து சாவிய எடுத்து, கதவுல வெச்சு, திருப்புறா.

கன்னியம்மா மல்லாட்டை உரிக்கிறத நிறுத்திட்டா.

தெரையில குதிர வந்துச்சு.

பத்துப் பன்னெண்டு குதிர. மேல தொப்பி போட்ட ஆளுங்க, துப்பாக்கி, ஒரே புழுதி.

யாரும் கத்தல. அதான் எனக்கு இந்த ஊருகிட்ட ரொம்பப் புடிச்சது. ரெண்டு நிமிஷம் அத்தன பேரும் மரியாதையா பாத்தாங்க. “உள்ள குதிர வெச்சிருந்தான்டா”ன்னு ஒருத்தன் மெதுவா சொன்னான். “அதான் பாரம் ஜாஸ்தி”ன்னு இன்னொருத்தன். கன்னியம்மா, “பாவம், நாப்பது வருஷமா புல்லுக்கு என்னா பண்ணுச்சுங்களோ”ன்னா.

சுல்தானாதான் மொதல்ல திரும்பி ஆப்பரேட்டர் ரூமப் பாத்தா. அப்புறம் தெரையில ஒருத்தன் சாராயக் கடைக்குள்ள போனதும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. ஏழாம் நம்பர் டப்பாவுல வேற படத்து ரீலு. முந்தின ஊர்ல யாரோ அவசரத்துல மாத்திப் போட்டுட்டாங்க. லைட்ட போட்டாரு காசி. சத்தம்னா சத்தம், தகரக் கூரையே அதிருது.

நைனாரு மைக்க எடுத்தாரு. “பெரியோர்களே, ஏழாவது ரீல் மாறி வந்துடுச்சு. மன்னிக்கணும். எட்டாவதுலேர்ந்து ஓட்டுறோம்.”

“கதவுக்குப் பின்னாடி இன்னான்னு சொல்லிட்டு ஓட்டு.”

“அது எனக்கெப்படிங்க தெரியும்?”ன்னு நைனாரு மைக்லயே கேட்டுட்டாரு. ஆளுங்க எழுந்துட்டாங்க. டிக்கெட்ட திருப்பிக் குடுன்னு ஒரு கூட்டம், கதவத் தொறன்னு ஒரு கூட்டம். மூணு படமும் கண்ணு முன்னாடி வரிசையா வாசல் வழியா வெளிய போறது சுல்தானாவுக்குத் தெரிஞ்சுது. சாமி படம் உள்ள வருது.

“அப்போ நோட்டீஸ் போட்டவன் யாரு? அவன வந்து சொல்லச் சொல்லு.”

“அவன் இல்ல, அவ. தோ, இங்கதான் குந்தினு கீறா”ன்னு எழுந்து நின்னு கைய நீட்டுனது கன்னியம்மா.

சுல்தானா அவளப் பாத்த பார்வைக்கு வேற யாரா இருந்தாலும் கூடைய எடுத்துட்டு ஓடியிருப்பாங்க. “என்னாத்துக்குப் பாக்குற? பத்து நாளா எங்கிட்ட அறுக்கல? அதப் போயி அவுங்ககிட்ட அறு.”

குட்டச் சொவுருக்கு அந்தப் பக்கம் அத்தா நிக்கிறது தெரிஞ்சுது. மூக்குக் கண்ணாடியக் கழட்டி சட்டையில தொடச்சாரு. பாக்குறதுக்கு ரெடி ஆவுறாருன்னு அவளுக்குப் புரிஞ்சுது.

ஆபீஸ் ரூமுக்குப் போயி மைக்க வாங்குனா. முக்காட்ட சரி பண்ணிக்கிட்டா, மைக்ல அது கரகரன்னு கேக்குது.

“எனக்கும் தெரியாதுங்க. நான் இந்தப் படத்த பாத்ததில்ல. ஸ்டில்லப் பாத்துதான் எழுதுனேன். ஆனா பத்து நாளா அந்தக் கதவத்தான் நெனச்சிட்டு இருக்கேன். நான் நெனச்சத சொல்றேன். புடிக்கலன்னா சொல்லுங்க, நிறுத்திடுறேன்.”

கொஞ்சம் அடங்குச்சு. புடிக்கலன்னா சொல்லலாம்னு சொன்னா ஜனங்க கேப்பாங்க போல.

“உள்ள தங்கம் இல்ல. பொணமும் இல்ல. உள்ள நம்ம பிரஸ்ல எழுத்து வெக்கிற கேஸ் மாதிரி, சின்னச் சின்ன அறையா செவுரு பூரா. ஒவ்வொரு அறையிலயும் ஒரு டப்பா. ஒவ்வொரு டப்பாவுலயும் ஒருத்தர் பேரு. இவுங்க பூமிய வுட்டுக் கெளம்புறப்போ, துணி எடுக்கக் கூடாது, சாப்பாட்டு சாமான் எடுக்கக் கூடாது, எடம் கம்மின்னு சொல்லிட்டாங்க. ஆளுக்கு ஒரே ஒரு சத்தம் எடுத்துட்டு வரலாம்னு சொல்லிட்டாங்க. ஊர்லேர்ந்து ஒரே ஒரு சத்தம். டப்பாவத் தொறந்தா அது கேக்கும். ஆனா தொறக்கத் தொறக்க தேஞ்சுடும். அதனாலதான் கெழவன் பூட்டி வெச்சான். ஒரேயடியா கேட்டு தீத்துட்டா அப்புறம் இந்த இருட்டுல என்னத்த வெச்சுப் பொழைப்பீங்கன்னு.”

ஒருத்தர் இருமுனாரு. பக்கத்துல இருந்தவரு அவரத் தட்டுனாரு.

“இப்போ பாரம் கொறைக்கணும். வெளிய தள்ளத்தான் அந்தம்மா கதவத் தொறந்தா. தொறந்தா, நேரா அவ பேரு போட்ட டப்பா. என்னா எடுத்துட்டு வந்தோம்னே அவளுக்கு மறந்துபோச்சு. தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கேப்போம்னு தொறக்குறா. தகரக் கூர மேல மழ பெய்யிற சத்தம். அவ்ளோதான். அவ அங்கயே குந்திட்டா. தள்ளல.”

எல்லாரும் ஒரு தடவ மேல பாத்தாங்க. கொட்டாய்க்கும் தகரக் கூரதான. வெளியில சுள்ளுன்னு வெயிலு.

“எனக்கு தேரு அச்சு கிறீச்சுங்குறது”ன்னு ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தன் சொன்னான். யாரும் கேக்கல அவன, அவனா சொன்னான். “காலையில பாங்கு”ன்னாரு இன்னொருத்தர். “கீப்பென்னாத்தூரு மொத பஸ்ஸு.” “எங்க பசு.” “பெரிய பாப்பா மொத மொதல்ல தும்முனது”ன்னு ஒரு பொம்பள, சொல்லிட்டு வெக்கத்துல மொவத்த மூடிக்கிட்டா. சொவுருக்கு ரெண்டு பக்கமும் வந்துட்டே இருக்குது. கடைசியா எல்லாரும் ஓஞ்சப்புறம் கன்னியம்மா கொரலு, “என் ஆடு. சாயங்காலத்துல நான் தெரு முனைக்கு வந்தாலே கத்தும்.”

யாரும் சிரிக்கல.

காசி எட்டாவது ரீல ஓட்டுனாரு. இத நான் இட்டுக்கட்டி சொல்லல, கொட்டாயில இருந்த எல்லாரும் பாத்தாங்க. கதவு தொறந்து கெடக்கு. அந்தப் பொம்பள கீழ குந்தியிருக்கா. கெழவன் காத செவுத்துல வெச்சு, கண்ண மூடி, அழுவுறான். சுல்தானா மைக்க கையில வெச்சுக்கிட்டே ஆபீஸ் வாசல்ல நின்னு பாத்தா. எப்படி சரியா வந்துச்சுன்னு அவளுக்கும் தெரியல, யாருக்கு நன்றி சொல்றதுன்னும் தெரியல. குதிரைக்குத்தான் சொல்லணும் போல.

வூட்டுக்குப் போறப்போ அத்தா தேரடி வரைக்கும் வேகமா நடந்தாரு. அப்புறம், “நம்ம மிஷின் சத்தத்த சொல்லவேயில்லியே நீ.”

“அது தெனமும் கேக்குதே அத்தா. ஊர வுட்டுப் போறவங்களுக்குத்தான் டப்பா.”

“அப்போ நீ போவல.”

“இப்பதான படமே வர ஆரம்பிச்சிருக்கு, எங்க போறது?” கொஞ்ச தூரம் நடந்துட்டு சொன்னா, “அத்தா, எனக்கு ஒம்போது வயசுல, நூல் தெரிஞ்சா என்னா, பறக்குது பாருன்னு சொன்னீங்களே. அதுக்கு தேங்ஸ்.”

“நானா சொன்னேன்?”ன்னாரு அத்தா. ஆனா நடை கொஞ்சம் மெதுவாச்சு.

நைனாரு நேர்மையான ஆளு. கொட்டாய் நெறஞ்சுது, சரி. ஆனா ஜனங்க முழுப் படம் பாக்கலியே, எப்படிக் கணக்கெடுக்கிறதுன்னு அவருக்கு உறுத்துச்சு. மெட்ராஸுக்குத் தந்தி அடிச்சு சரியான ஏழாவது ரீல வரவழைச்சாரு. அடுத்த ஞாயித்துக்கெழம காலையில அந்த ஒரு ரீலு மட்டும், பழைய டிக்கெட் துண்டு வெச்சிருக்கிறவங்களுக்கு சும்மா. துண்டத் தொலைச்சவனும் வந்தான், போன வாரம் வராதவனும் வந்தான். நைனாரு ஒருத்தரையும் தடுக்கல.

சுல்தானாவுக்கு அன்னிக்குத்தான் நெசமான பயம். போன வாரம் சொன்னது பொய்யின்னு ஆயிடுமே.

லைட்டு அணைஞ்சுது. சாவி திரும்புச்சு. கதவு தொறந்துச்சு. உள்ள இரும்புக் கொழாய்ங்க. பெருசு பெருசா டாங்கி. கெழவன் ஒவ்வொரு டாங்கியா தட்டித் தட்டிக் காட்டி இங்கிலீஷ்ல பேசுறான். அவ தலையாட்டுறா. அவன் மறுபடியும் பேசுறான். பத்து நிமிஷம். கடைசியில ஒரு கொழாய்ல ஓட்ட, அதுல காத வெச்சுக் கேக்குறான், கண்ணு கலங்குது. முடிஞ்சுபோச்சு.

லைட்டு வந்துச்சு. ஒருத்தரும் எழுந்திரிக்கல. எல்லாரும் திரும்பி சுல்தானாவப் பாத்தாங்க.

“இது இன்னா கதவு?”ன்னா கன்னியம்மா, கொட்டாய்க்கே கேக்குற மாதிரி. “இதுக்கா நாப்பது வருஷம் காவலு? இவன் தப்பா எடுத்துட்டான்டி. நீ சொன்னதுதான் படம்.”

“ஆமா, அதையே வெச்சுக்கலாம்”னு ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்து ஒருத்தரு. “இந்த ரீல மெட்ராஸுக்கே அனுப்பிடுங்க நைனாரே.”

அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு முப்பத்தஞ்சுக்கு சுல்தானா போவல. நைனாரே ஆள் வுட்டாரு. போனா கேரியரத் தொறந்து வெச்சிக்கிட்டு, ஒரு வாய்கூட எடுத்து வெக்காம, ஒரு கவரத் தள்ளுனாரு. “ஏழாவது ரீலுக்குத் தந்தி அடிச்சப்பவே மூணு படத்துக்கும் எழுதிட்டேன். மொத ஸ்டில்லு வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் அனுப்பியிருக்கான், மிச்சம் அப்புறமாம். நோட்டீஸு புதன்கெழம வேணும்.”

“சாப்புடுங்க சார், பொழுது போவுது.”

“நீ மொதல்ல பாரு. நானும் காலையிலேர்ந்து பாக்குறேன், ஒண்ணும் புரியல.”

வெளிய டாக்கீஸ் வாசல்லயே நின்னு பிரிச்சா. கன்னியம்மா கூடைய வுட்டுட்டு வந்துட்டா, காசி சைக்கிள ஸ்டாண்டு போட்டாரு. ஸ்டில்லுல பூரா வெள்ள மணலு. ஆளே இல்ல. மானத்துல ரெண்டு நெலா. நடுவுல ஒரு குழி, குழிக்குள்ள எறங்குற மாதிரி ஒரு ஏணி. ஏணிக்குப் பக்கத்துல ஒரே ஒரு செருப்பு, சின்னது, கொழந்த போடுற சைசு. “கெணறுதான்”னா கன்னியம்மா. “கெணத்துல யாரும் செருப்ப கழட்டி வெச்சுட்டு எறங்க மாட்டாங்க, அது கோயிலு”ன்னாரு காசி. சுல்தானா செருப்ப மட்டும் பாத்துட்டு நின்னா. ஒரு செருப்பு இங்க இருக்குன்னா இன்னொண்ணு எங்க?

புதன்கெழமைக்கு இன்னும் மூணு நாளு இருக்கு. நீங்களும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்களேன். அந்த ஏணி எங்க போவுதுன்னு உங்களுக்குத் தோணுது?